பழைய கேரவனுக்கு எங்கே முட்டுக் கொடுப்பது?

எங்கள் கேரவன் பழைய மினி பஸ்ஸின் சேசிஸ், அதாவது அடிச்சட்டத்தின் மேல் கட்டியது. இரும்புக் குழாய்ச் சட்டம், வெளியே அலுமினியத் தகடு, தரைக்குப் பிளைவுட். காரைக்குடியிலிருந்து ஒரு பக்கம் இராமேசுவரம், தொண்டி என்று கடற்கரைக்கு ஓடும். தைப்பூசம் வந்தால் பழனிக்கு நடந்து போகிற எங்கள் ஆட்களின் பின்னால் சாமான்களோடு ஊர்ந்து போகும். பலப்படுத்தும் வேலையெல்லாம் முடிந்து சில வருடம் ஆகிவிட்டது. எது நின்றது, எது நிற்கவில்லை என்று இப்போது சொல்லலாம்.

முதலில் வண்டியின் வால். பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில்தான் முந்தைய உரிமையாளர் 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைத் தொங்கவிட்டிருந்தார். நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 150 கிலோ. ஒவ்வொரு பள்ளத்திலும் அது நெம்புகோல் போட்டுச் சேசிஸை வளைக்கும். அதைத் தாங்கட்டும் என்று தடித்த சேனல் (பள்ள வடிவ இரும்புச் சட்டம்) ஒன்றைச் சுற்றி வளைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள். சேனலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது முடிகிற இடத்தில்தான் சேசிஸ் விரிசல் விட்டிருந்தது. விறைப்பான பகுதி சட்டென்று முடிந்தால் பாரம் முழுக்க அந்த ஓரத்தில் வந்து விழும். போதாக்குறைக்கு வெல்டிங் சூடு பட்ட இரும்பு அங்கே சீக்கிரம் களைத்துவிடும்.

அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியவே இல்லை. பட்டறைத் தம்பி துருவைச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் தடவினார். கொஞ்ச நேரம் விட்டு, துணியால் ஒட்டத் துடைத்து, மேலே கோலமாவைத் தூவினார். சுத்தியலால் லேசாகத் தட்டியதும் உள்ளே இறங்கியிருந்த எண்ணெய் கசிந்து, வெள்ளை மாவில் ஒரு ஈரக்கோடு மெல்ல எழுந்தது. மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஒரு விரல் நீளம்.

"இதுக்கு மேல இரும்பு வைக்க வேணாம்ணே. இருக்குறதக் கழட்டணும்" என்றார்.

கழற்றினோம். பேட்டரி வயரைப் பிரித்து, கேஸ் சிலிண்டரை வெளியே எடுத்து வைத்த பிறகுதான் வெல்டிங் மெஷினையே உள்ளே விட்டார். விரிசலின் நுனியில் சின்ன ஓட்டை போட்டு அது மேற்கொண்டு ஓடாமல் நிறுத்தி, வெல்டிங்கால் நிரப்பி, கிரைண்டரால் மட்டமாக்கினார். பிறகு வெளிப்பக்கம் ஒரு பட்டைத் தகடு. அதன் இரண்டு முனைகளையும் சாய்வாக வெட்டச் சொன்னேன், பாரம் படிப்படியாக இறங்கட்டும் என்று. போல்ட் எல்லாம் சேசிஸின் நடுப் பக்கவாட்டில்தான். மேல், கீழ் விளிம்புகளில் ஓட்டை போட யார் வந்தாலும் விடாதீர்கள். சேசிஸ் வளையும்போது அதிகம் இழுபடுவதும் நசுங்குவதும் அவைதான். தொட்டியை இரண்டு அச்சுக்கும் நடுவே மாற்றினோம். அந்த இடத்தில் இன்றுவரை கோலமாவில் கோடு விழவில்லை. என்னைக் கேட்டால், தகட்டை விடத் தொட்டியை நகர்த்தியதற்குத்தான் பாதிப் புண்ணியம்.

ஜன்னல் மூலைகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். சதுரமாக வெட்டிய மூலையில்தான் தகடு கிழியத் தொடங்கும். மூலையை வளைவாக்கி, உள்ளே முக்கோணத் தகடு வைத்துப் பிடித்தோம். ஆனாலும் ஒரு மூலை மறுபடி கிழிந்தது. காரணம் மேலே இருந்தது: கூரை ஏசி வெறும் தகட்டில் உட்கார்ந்து, வண்டி ஆடும்போதெல்லாம் பக்கச் சட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தது. கூரையின் இரண்டு வளைவுச் சட்டங்களுக்குக் குறுக்கே குழாய் கொடுத்து ஏசியை அதன்மேல் ஏற்றிய பிறகு நின்றது.

அப்புறம் உப்பு. உப்புக்காற்றில் உலோகம் என்ன பாடுபடும் என்று பார்க்கவே நம்ம ஊர் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கிறது. இரும்பும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொள்ளும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்துவிடும். தகட்டைப் பிரித்த இடங்களிலெல்லாம் பிரைமர் அடித்து, நடுவே பாலியூரித்தேன் சீலன்ட் வைத்து மூடினோம். சிலிக்கான் வேண்டாம், அதன்மேல் பெயின்ட் நிற்காது, பின்னாளில் வேறு சீலன்டும் ஒட்டாது. சட்டத்தின் சதுரக் குழாய்களின் அடியில் நீர் வடிய ஓட்டை போட்டு, உள்ளே துருத்தடுப்பு மெழுகு அடித்திருக்கிறோம். நம் பக்கம் வழக்கமாகச் செய்கிற மாதிரி அடியில் கழிவு ஆயில் அடிப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ்களை அது ஊற வைத்துக் கெடுக்கும். கடற்கரை போய்வந்தால் அடிப்பக்கம் நல்ல தண்ணீரில் ஒரு குளியல், அவ்வளவுதான்.

தரைக்கு ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் போட்டோம். வெட்டிய ஓரங்களுக்கு எபாக்சி பூசியதால் இன்னும் உப்பவில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்தால் வீடு மாதிரி இருக்குமே என்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. அழகுதான், எடையை யார் சுமப்பது? பூப்போட்ட வினைல் விரிப்போடு சமாதானம் ஆயிற்று.

நிற்காதது படிக்கட்டுப் பெட்டி. மழைநீரும் காலில் வரும் செம்மண்ணும் அதன் மூலையில் தங்கி, வைத்த ஒட்டுத் தகட்டையே துரு தின்றுவிட்டது. இனி ஒட்டுப் போடுவதாக இல்லை. ஐப்பசி மழைக்கு முன் முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, அடியில் திறந்த கம்பிப் படியாகக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.