குடையா, சாஃப்ட்பாக்ஸா?

படம் எடுக்க ஃபிளாஷும் ஸ்டாண்டும் வாங்கியாச்சு. அப்புறம் ஒளியை மென்மையாக்க அதில் எதை மாட்டுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்: ஒளியைப் பரப்பும் குடையா, முன்பக்கம் வெள்ளைத் துணி போட்ட பெட்டியான சாஃப்ட்பாக்ஸா?

விலை: குடை மலிவு. சாஃப்ட்பாக்ஸுக்குக் கூடுதலாகச் செலவாகும்.

மாட்டுவது: குடையை விரித்துச் செருகினால் முடிந்தது. சாஃப்ட்பாக்ஸில் கம்பிகளை வளைத்து வளையத்தில் பொருத்த வேண்டும். முதல் தடவை விரல் சிக்கும். குடை போலவே விரியும் வகை என்றால் இந்தப் பாடு இல்லை.

நீடித்து உழைப்பது: குடைக்கம்பி மெலிசு. ஸ்டாண்ட் ஒரு முறை சாய்ந்தாலே வளைந்துவிடும்.

ஒளியை அடக்குவது: உண்மையான வித்தியாசம் இங்கேதான். வெள்ளைக் குடை வழியே ஒளியைப் பாய்ச்சினால் பாதி முன்னால் போகும், மீதி சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும். சின்ன அறையில் நிழலே தங்காது. சுவர் பச்சை என்றால் தாடைக்குக் கீழே லேசான பச்சை ஏறும். தோல் நிறத்தைத் திருத்தியே ஓய்ந்துபோவோம். சாஃப்ட்பாக்ஸின் கறுப்புப் பக்கங்கள் இந்தச் சிதறலைத் தடுக்கும். முன்னால் கிரிட்டை (ஒளி பக்கவாட்டில் பரவாமல் தடுக்கும், கட்டம் கட்டமாகத் திறந்திருக்கும் துணி வலை) மாட்டினால் பின்னணியை இருட்டாக்குவதும் சுலபம்.

மென்மை: இதில் இரண்டும் ஒன்றுதான். அளவும் தூரமும்தான் கணக்கு. 60 செ.மீ. பெட்டியை 2 மீட்டர் தள்ளி வைத்தால் நிழல் விளிம்பு கூர்மையாகத்தான் விழும்.

கண்ணில் தெரியும் ஒளிப்புள்ளி: குடையில் வட்டம், உற்றுப் பார்த்தால் கம்பிகூடத் தெரியும். சதுரப் பெட்டியில் ஜன்னல் மாதிரி இருக்கும்.

குடும்பப் படம், வெள்ளைச் சுவர் அறை என்றால் குடை போதும். தனிமுகப் படம், பொருள் படம், நிறச்சுவர் என்றால் சாஃப்ட்பாக்ஸ்தான் சரி.