ப்ராக் போகிறீர்களா? பணம் மாற்றும் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்

சனி, ஞாயிறு இரண்டு நாள்தானே என்று ஜெர்மனியின் ட்ரெஸ்டனிலிருந்து ரயிலேறி ப்ராக் போன நானும் மனைவியும், இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் ஐம்பது யூரோவைக் கோட்டை விட்டோம். செக் நாட்டில் இன்னும் கொருனாதான், எங்கள் கையில் இருந்ததோ யூரோ. பழைய நகரச் சதுக்கத்துக்குப் போகும் சந்தில் ஒரு பணம் மாற்றும் கடை, 'கமிஷன் 0%' என்று ஆளுயரத்துக்கு எழுதி, பக்கத்தில் ஒரு யூரோவுக்கு 24.50 என்று பளிச்சென்று போட்டிருந்தார்கள். அன்றைய விலையும் கிட்டத்தட்ட அதுதான். 150 யூரோ நீட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் எண்ணித் தந்தது 2,475 கொருனா.

"ஏங்க, குறையுற மாதிரி இருக்கே" என்றாள். "அதான் கமிஷன் இல்லன்னு போட்டிருக்கே, வா" என்று ரசீதைக் கசக்கி வாசல் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு நடந்தேன். மணி பதினொன்று ஆகப்போகிறது, எனக்குச் சதுக்கத்து வானியல் கடிகாரம் பார்க்கும் அவசரம். 1410இல் செய்த கடிகாரம், மணிக்கொரு தடவை எலும்புக்கூடு பொம்மை மணியடிக்க மேலே ஜன்னலில் இயேசுவின் சீடர்களின் பொம்மைகள் வரிசையாக வந்துபோகும். ஓரத்தில் பண மூட்டையோடு ஒரு கருமி பொம்மை. அவனைத் தனியாகப் படம் வேறு எடுத்தேன்!

அப்புறம் பசி. சதுக்கத்தில் தீயில் சுழலும் பன்றித் தொடைக் கறி, பலகையில் 120 கொருனா. அது 100 கிராமுக்கு என்பது பொடி எழுத்தில். போதும் என்று சொல்வதற்குள் ஒரு பெரிய துண்டை வெட்டித் தராசில் வைத்துவிட்டார், 490 கிராம். வெட்டியதைத் திரும்ப எடுக்க மாட்டாராம். கார்டைத் தேய்த்தாள். போனில் வந்த செய்தியில் 588 கொருனாவுக்கு 24 யூரோ. அப்போதுதான் உறைத்தது. கடையில் போட்டிருந்த 24.50 அவர்கள் யூரோ விற்கும் விலை. நம்மிடம் வாங்கும் விலை 16.50, அது கீழே எறும்பு அளவில்.

அவள் போனில் தேடிப் பார்த்தாள். 2019 ஏப்ரலிலிருந்து அங்கே ஒரு சட்டம் இருக்கிறது: 1,000 யூரோ வரை மாற்றியதை மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் ரத்து செய்யலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். ஓடினோம். நேரம் இருந்தது, வாங்கிய கொருனாவும் அப்படியே இருந்தது. அவர் நிதானமாகக் கேட்டது ஒன்றுதான், ரசீது எங்கே? வாசல் தொட்டிக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினேன், காபிக் கோப்பையும் ஐஸ்கிரீம் வழிந்த காகிதமும்தான் வந்தது. போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

இத்தனைக்கும் ரொக்கப் பணமே தேவைப்படவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். டிராமுக்குள்ளேயே கார்டில் டிக்கெட் எடுக்கலாம். பணம் வேண்டுமென்றால் வங்கி ஏ.டி.எம்.மில் எடுங்கள், யூரோவில் கணக்கிடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். ஞாயிறு இரவு ரயிலேறும்போது கையில் 1,900 கொருனா மிச்சம். அதை மாற்ற இன்னொரு கடைக்குப் போகவா? மேசை டிராயரில் கிடக்கிறது.