ஆற்றங்கரைப் பழைய குடியிருப்பில் பல ஆண்டுகள்: ஒரு குடித்தனக்காரனின் குறிப்பு

நகரின் நடுவே ஆற்றை ஒட்டிய பழைய பகுதியில் வீடு தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "ஜன்னலில் ஆறு தெரியுமா?" என்பதுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். பார்க்கும் ஆசை முதல் மழைக்காலத்தோடு பாதி அடங்கிவிடும். சுவர் வழியாகவும் வடிகால் வழியாகவும் வீட்டுக்குள் வரும் ஆற்றோடுதான் நாம் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது.

முதலில் சுவர். நிலத்தின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறி, ஏறக்குறைய இடுப்பு உயரம் வரை ஓதம் காட்டும். காயும் இடத்தில் உப்புப் பூக்கும். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய சுவர் அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். எங்கள் கூடத்துச் சுவருக்கு முன்பு இருந்த யாரோ சிமென்ட் பூசியிருந்தார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே தங்கி, இன்னும் உயரம் ஏறியது. பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது. அதைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புக் காரை பூசிய பிறகே சுவர் சொன்னபடி கேட்டது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது. கிடைத்தவரை அவசரப்படுத்தவும் முடியாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்றுத்தான் காரை இறுகும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

அடுத்தது வெள்ளம். "நூறாண்டுக்கு ஒருமுறை வருவது, கவலை வேண்டாம்" என்று தரகர் சொல்வார். அதன் பொருள் ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பதே. 30 ஆண்டு வீட்டுக்கடன் தீர்வதற்குள் ஒருமுறையாவது அது வந்துவிட ஏறத்தாழ 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது. கரை உயரமாக இருக்கிறதே என்றும் நிம்மதி கொள்ள வேண்டாம். 1910 ஜனவரியில் சேன் நதி பெருகியபோது, பாரிஸில் ஆற்றைவிட்டுத் தள்ளியிருந்த தெருக்களிலும் சாக்கடைகள், சுரங்கப்பாதைகள் வழியாக நீர் மேலெழுந்தது. ஆகவே கழிவுநீர்க் குழாயில் நீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி வால்வு இருக்கிறதா, மின் மீட்டரும் பிளக் பாயின்ட்டுகளும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். வீட்டுக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கொசு உண்டு. கார் நிறுத்த இடம் கிடையாது. இரவில் எதிர்க்கரைப் பேச்சுகூடக் கேட்கும். நீரையொட்டிய குளிர்ந்த காற்று ஒலியை மேலே போகவிடாமல் கீழ்நோக்கி வளைத்துவிடுகிறது. பாரம்பரியப் பகுதி என்று அறிவித்துவிட்டால் ஜன்னல் மாற்றக்கூட அனுமதி கேட்டு அலைய நேரும். எரிச்சல்தான், ஆனால் எதிர்வீட்டை இடித்து எட்டு மாடி எழுப்பாமல் காப்பதும் அதே விதி என்பதால் வாயை மூடிக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் நான் இடம் மாறவில்லை. வண்டிகள் வருமுன் நடந்து போகிறவர்களுக்காக அமைந்த தெருக்கள் இவை; பள்ளி, மருந்துக்கடை, நூலகம் எல்லாம் நடக்கும் தூரத்தில். மாலையில் திண்ணைகளில் ஆட்கள் இருக்கிறார்கள். புதுக் குடியிருப்புகளில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் இது கிடைப்பதில்லை. வாங்க நினைப்பவர்கள் முதலில் வாடகைக்கு வந்து ஒரு முழு மழைக்காலம் இருந்து பாருங்கள். மூட்டுவலியோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் தரைத்தளம் வேண்டவே வேண்டாம். மாடி காலியாகும் வரை காத்திருங்கள்.