பெண்களுக்கான நிகழ்த்துகலைப் பயிலரங்கு: தாராளமாகச் சேரலாம், ஒரு குறை இருக்கிறது

நடிப்புப் பயிற்சி என்று நினைத்து இதில் சேர்ந்தால் ஏமாற்றம்தான். வசனம், முகபாவம், தனியாக ஜொலிக்கும் காட்சி எதையும் இங்கே தொடுவதில்லை. முன்பின் தெரியாத பெண்கள் கூட்டமாக நின்று ஒரே அசைவு, ஒரே குரலில் ஒரு பொது இடத்தைக் கொஞ்ச நேரம் தங்கள் வசமாக்குவது எப்படி என்பதுதான் பாடம், அதை நன்றாகவே கற்றுக்கொடுக்கிறார்கள்.

முதல் பாதி முழுக்க, சிலியின் வால்பராய்சோ நகரத்தில் லாஸ்டெசிஸ் என்ற நால்வர் குழு 2019 நவம்பரில் பாலியல் வன்முறைக்கு எதிராகத் தெருவில் அரங்கேற்றிய நிகழ்வைச் சுற்றியே போகிறது. கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு, நடந்தது என் குற்றமில்லை, நான் போன இடமோ உடுத்திய உடையோ காரணமில்லை என்று பாடி, கையை நீட்டிக் குற்றவாளியைச் சுட்டிக்காட்டுவார்களே, அதுதான். அடவுகள் அவ்வளவு எளிது. அதனால்தான் பாரிஸ், டெல்லி, இஸ்தான்புல் என்று அவ்வளவு வேகமாகப் பரவியது என்று பயிற்றுநர் சொன்னபோது உடனே ஒத்துக்கொள்ள முடிந்தது. கஷ்டமான நடனமாக இருந்திருந்தால் நாலு பேரோடு நின்றிருக்கும்.

அதில் இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் வைத்துக் குந்தி எழும் ஓர் அசைவு வருகிறது. எங்களில் சிலர் சிரித்துக்கொண்டே செய்தோம். பயிற்றுநர் நிறுத்தி, சிலியில் காவலில் இருந்த பெண்களை ஆடை களையச் சொல்லிக் குந்த வைத்ததைத்தான் இந்த அசைவு குறிக்கிறது என்றார். மறுபடி செய்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை, முழங்கால் வலித்தும் ஒருவரும் பாதியில் எழவில்லை. கண்ணைக் கட்டிய பிறகு பக்கத்தில் இருப்பவரின் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் தாளம் பிடிக்க வேண்டும், அதற்கே தனியாக நேரம் ஒதுக்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

அப்புறம் இன்னோர் உதாரணம், 1977 லாஸ் ஏஞ்சலஸ். பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டதை ஊடகங்கள் பரபரப்புச் செய்தியாக்கிக் கொண்டிருந்த நேரத்தில், சுசான் லேசி, லெஸ்லி லபோவிட்ஸ் என்ற இரு நிகழ்த்துகலைக் கலைஞர்கள் கறுப்பு முக்காடிட்ட பெண்களை ஒரு சவ ஊர்தியில் கொண்டுவந்து நகரமன்ற வாசலில் இறக்கினார்கள். கேமராவில் எப்படித் தெரியும் என்பதையும் யோசித்தே வடிவமைத்த நிகழ்வு அது, யார் பார்க்கப் போகிறார்கள் என்பதை முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சரி, குறைக்கு வருவோம். பாதுகாப்பு பற்றிய பகுதியைக் கடைசியில் வைத்து அவசர அவசரமாக முடித்துவிட்டார்கள். இஸ்தான்புல்லில் லாஸ்டெசிஸின் நிகழ்வைச் செய்தவர்களைப் போலீஸ் கலைத்துச் சிலரைப் பிடித்துக்கொண்டு போனது, அதை ஒரு வரியில் கடந்துபோவது சரியில்லை. பயிற்சியின்போது ஒரு பெண் அழுது உடைந்துபோனார், அவரோடு உட்கார்ந்து பேச அங்கே தனியாக யாரும் இல்லை. தன் வாழ்க்கையில் வன்முறையைப் பார்த்தவர்கள்தான் இப்படிப்பட்ட இடத்துக்கு அதிகம் வருவார்கள், இதைக்கூடவா யோசிக்கவில்லை என்று கோபம் வந்தது. வீடியோ எடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டார்கள், வேண்டாம் என்றவர்களைச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்தினார்கள், அது பாராட்ட வேண்டியது.

மேடை அனுபவமே இல்லாதவர்கள் தயங்காமல் சேரலாம். பதிவு செய்யும்போதே மனநல ஆலோசகர் கூட இருப்பாரா என்று கேளுங்கள், பலர் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.