சிமெண்ட் தரைக் கோழிக் கொட்டகைக்கு உமியா, தேங்காய் நார்க்கழிவா?

சிமெண்ட் தரையில் ஈரம் மண்ணுக்குள் இறங்காது. கோழி எச்சத்தின் நீரை, தரைமேல் படுக்கையாகப் பரப்பும் கூளம்தான் தாங்க வேண்டும். அதனால் எங்கள் முதல் தேர்வு நெல் உமி. 100 சதுர அடிக்கு 3 அங்குலம் பரப்ப ஏறக்குறைய 70 கிலோ போதும். சீக்கிரம் காயும், கிளறினால் கட்டி உடையும். நீரை உறிஞ்சுவதில் கொஞ்சம் மட்டுதான். தண்ணீர்க் குவளையைச் சுற்றி வாரம் இரண்டு முறை அள்ளி மாற்றியே ஆக வேண்டும்.

நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு நீர் பிடிக்கும். ஆனால் தோட்டத்துக்கு விற்கும் 5 கிலோ கட்டியை அப்படியே வாங்காதீர்கள். ஊறவைத்தால்தான் உதிரும், பிறகு வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு போட்டால் பூஞ்சை, அடுத்து ரத்தக்கழிச்சல். உதிரியாக, காய்ந்ததாகக் கிடைத்தால் உமியோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். மழைக்காலத்துக்கு இதைவிட நல்ல கலவை இல்லை.

மரத்தூள் வேண்டவே வேண்டாம். குஞ்சுகள் தீனி என்று கொத்தித் தின்னும், தூசி மூச்சையும் அடைக்கும். மரம் இழைக்கும்போது சுருளாக விழும் சீவல் பரவாயில்லை.

ஒரு பிடி கூளத்தை இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் மெல்ல உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். குனிந்து கோழியின் உயரத்தில் முகர்ந்தும் பாருங்கள். எச்சத்தின் நெடியில் கண் எரிந்தால் அன்றே கிளறி, நனைந்ததை அகற்றுங்கள்.