நவூருவும் துவாலுவும்: கட்சி இல்லாத இரண்டு நாடாளுமன்றங்கள்

பசிபிக்கில் உள்ள இவ்விரண்டு நாடுகளிலும் தலா 8 தொகுதிகள், கட்சி கிடையாது. மற்றபடி அமைப்பு வேறு.

துவாலுவில் 16 உறுப்பினர்கள், 4 ஆண்டு. அரசத் தலைவர் பிரிட்டன் மன்னர். அவர் சார்பில் ஆளுநர் நாயகம். பிரதமரை உறுப்பினர்கள் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். நவூருவில் 19 பேர், 3 ஆண்டு. அவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் அதிபரே அரசுக்கும் நாட்டுக்கும் தலைவர்.

நவூரு வாக்குச்சீட்டில் எல்லா வேட்பாளரையும் வரிசைப்படுத்த வேண்டும். ஒருவரை விட்டாலும் செல்லாது. முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 1/2, மூன்றாமிடத்துக்கு 1/3 என மதிப்பு குறையும். துவாலுவில் ஒவ்வொரு தொகுதியிலும் அதிக வாக்கு பெற்ற இருவர் வெற்றி, அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே வரும்? நவூருவில் உறுப்பினர் எண்ணிக்கையில். 2010-இல் 18 பேர் 9-9 எனப் பிரிந்தார்கள். சபாநாயகருக்கு ஆள் கொடுக்கும் அணிக்கு ஒரு வாக்கு குறையும் என்பதால் எவரும் இறங்கிவரவில்லை. இரண்டு தேர்தல் நடந்தும் இழுபறி நவம்பர் வரை நீடித்தது. 2013 தேர்தலில் இடங்கள் 19 ஆயின.

துவாலுவில் அவையைக் கூட்டுவதில். 2013-இல் இடைத்தேர்தலுக்குப் பின் பெரும்பான்மை இழந்த பிரதமர் வில்லி தெலாவி அவையைக் கூட்டத் தயங்கினார். ஆகஸ்ட் 1 அன்று ஆளுநர் நாயகம் அவரை நீக்கினார். அதிபரே அரசத் தலைவராகவும் இருக்கும் நவூருவில் அப்படித் தலையிட வெளியாள் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் துவாலு அமைப்பே பாதுகாப்பானது.