பெண்டோனைட் பூனை மணல்: காசு கொடுத்து மண் வாங்கலாமா?

காசு கொடுத்து மண் வாங்குவதா என்று எங்கள் ஆச்சி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். "பூனை தன்பாட்டுக்குப் புறவாசல்ல போய் இருந்துட்டு வந்திரும்லா, அதுக்குப் பையில மண்ணு வாங்கிட்டு வாறியாக்கும்?" புறவாசல் உள்ள வீட்டுக்கு ஆச்சி சொல்வது சரி. நாங்கள் இருப்பது திருநெல்வேலி பெருமாள்புரத்தில் மாடி வீடு, கீழே இறங்கினால் தெருநாயும் பைக்கும், அதனால் எங்கள் கடுவன் பூனை வாசலைத் தாண்டுவதில்லை, வீட்டுக்குள்ளேயே ஒரு தொட்டியில் இந்த மணலைப் போட்டு வைத்திருக்கிறோம், அதில்தான் இருக்கும். பாளையங்கோட்டையில் செல்லப்பிராணிக் கடையில் வாங்குகிறேன், 5 கிலோ பை 300 ரூபாயை ஒட்டி வருகிறது, ஒரு பூனைக்கு இரண்டு மூன்று வாரம் ஓடும்.

பெண்டோனைட் ஒரு வகைக் களிமண். நம் நாட்டில் குஜராத்தின் கச்சுப் பக்கம் நிறைய வெட்டியெடுக்கிறார்கள். ஈரம் பட்டால் உப்பி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், அதனால் மூத்திரம் விழுந்த இடம் மட்டும் கட்டியாகிவிடும், அதை அள்ளி எடுத்துவிட்டு மேலே கொஞ்சம் புது மணல் போட்டால் தீர்ந்தது வேலை. அள்ளுவதற்கென்று கடையில் தனியாகக் கரண்டி விற்கிறார்கள். நான் பாத்திரக் கடையில் ஒரு பூந்திக் கரண்டி வாங்கிக்கொண்டேன். (அதைப் பரணில் ஒளித்து வைத்திருக்கிறேன், தீபாவளி சமயத்தில் யார் கையிலாவது சிக்கினால் வினை.)

இதற்கு முன்னால் மரத்தூள் போட்டோம். காலில் ஒட்டிக்கொண்டு வீடு முழுக்க வரும், அடியில் நனைந்து இரண்டாம் நாளே வீச்சம். ஆற்று மணலுக்கு எங்கே போவது, வீடு கட்டவே எம்-சாண்ட்தான் கிடைக்கிறது. அந்த எம்-சாண்டையும் போட்டுப் பார்த்தாயிற்று, எதையும் உறிஞ்சாது, எல்லாம் கீழே இறங்கித் தொட்டியில் தேங்கி நிற்கும், மொத்தமாகக் கொட்டிக் கழுவ வேண்டும்.

நாற்றம் குறைகிறது, வேலை குறைகிறது, சரி. ஆனால் நான் இந்த மணலைச் சிபாரிசு செய்வது அந்தக் கட்டிக்காக. பூனை எவ்வளவு மூத்திரம் போகிறது என்று மரத்தூளிலும் எம்-சாண்டிலும் தெரியாது, இதில் தெரியும். நல்ல ஆரோக்கியமாக இருக்கிற பெரிய பூனைக்கு ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து நான்கு கட்டி விழும். கத்திரி வெயில் ஆரம்பித்ததும் எங்கள் பூனையின் கட்டிகள் கோலிக்குண்டு மாதிரி சிறுத்துவிட்டன. அப்போது முழுக்க முழுக்க உலர்தீனிதான் தின்றுகொண்டிருந்தது. உலர்தீனியில் தண்ணீர் ஏறத்தாழ 10 சதவீதம்தான், பவுச்சில் வரும் ஈரத்தீனியில் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 4 கிலோ பூனைக்கு உணவும் குடிப்பதும் சேர்ந்து தினம் 200 மில்லியாவது தண்ணீர் உள்ளே போகவேண்டும், பூனையோ கிண்ணத்தைத் தேடிப்போய்க் குடிக்கிற ஜாதி இல்லை. அதனால் ராத்திரிக்கு ஈரத்தீனியாக்கினேன், சாளை மீன் வாங்குகிற நாளில் இரண்டு மீனை உப்பு, வெங்காயம் எதுவும் போடாமல் வேகவைத்து, முள் எடுத்து, அந்தத் தண்ணீரோடே வைத்தேன். ஒரு வாரத்தில் கட்டி எலுமிச்சம்பழ அளவுக்கு வந்தது. (மீனை மட்டுமே நம்பி வளர்க்கக் கூடாது, பச்சையாகவும் போடக் கூடாது. ஆச்சி வைக்கிற பால்சோறும் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும்.)

கடுவன் வைத்திருப்பவர்கள் இதை ஊன்றிப் படியுங்கள். ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகல், மணிமணியாக உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். தொட்டிக்குப் போய்ப்போய் உட்காரும், முக்கும், கத்தும், மணலில் ஒரு கட்டியும் இருக்காது. பார்ப்பவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடுவார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவே கூடாது, ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கேயோ பக்கத்தில் எந்த மருத்துவர் இருக்கிறாரோ அவரிடமோ உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. பையைச் சாய்க்கும்போது புகை மாதிரி தூசி கிளம்பும், விலை குறைந்ததில் இது அதிகம், ஜன்னலைத் திறந்து வைத்து மெதுவாகக் கொட்டவேண்டும். கனம் வேறு. மாடி ஏறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். லாவெண்டர் மணம் போட்டதை மட்டும் வாங்காதீர்கள், நமக்கு மணக்கும், பூனையின் மூக்கு நம்முடையதைவிடப் பல மடங்கு கூர்மை, எங்களுடையது தொட்டியை முகர்ந்துவிட்டு நேராகக் கால்மிதியில் போய் இருந்துவிட்டது.

சோயா சக்கையில் செய்த டோஃபு மணலும் வருகிறது. தூசி இல்லை, கனமில்லை, ஆனால் விலை இரண்டு மடங்குக்கு மேல், ஐப்பசி கார்த்திகை மழையில் பையைச் சரியாக மூடாவிட்டால் பூசணம் பிடிக்கும். மூன்று நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டி இருக்கிற வீட்டில் பெண்டோனைட் வேண்டாம், குட்டி எதையும் வாயில் வைக்கும், வயிற்றில் போய்க் கட்டியாகும். அது வளரும்வரை கிழித்த காகிதமே போதும்.

தொட்டிக்கு மட்டும் கடைக்காரர் காட்டுகிற அழகான மூடிபோட்ட பெட்டியில் மயங்காதீர்கள். பூனை நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளமுள்ள பிளாஸ்டிக் டப் எந்தப் பாத்திரக் கடையிலும் பாதி விலைக்குக் கிடைக்கும், அதில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மணல் போட்டால் நன்றாகத் தோண்டி மூடும். தினமும் அள்ளவேண்டும். பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருந்தால் அது தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும், அதற்குள் அப்புறப்படுத்திவிட்டால் பயமில்லை, ஆனாலும் கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறு ஆளிடம் விட்டுவிடுவது நல்லது. அள்ளியதைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், தொட்டியில் கட்டியாவது குழாயிலும் கட்டியாகும், அப்புறம் பிளம்பருக்கு அழவேண்டியதுதான். பழைய பேப்பரில் சுற்றிக் குப்பை வண்டியில் போடுங்கள்.